தலையணையும் பூட்டும்

1990 ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் என் மாமி சாய்ந்தமருதில் தன் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஓடினார். காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்ட செய்தி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. "வாறானுவளாம்" என்ற ஒரு சொல் தெருவால் ஓடி வந்தது. எந்தப் பக்கத்தால் வருகிறார்கள், எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமி இருட்டில் பாயைத் தடவிப் பிள்ளையை வாரி எடுத்து, சீலைத் தலைப்பால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பள்ளி வராந்தாவில் ஒரு மூலை பிடித்து உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் துணியை விலக்கியபோது கையில் இருந்தது தலையணை.

எங்கள் குடும்பத்தில் இது சிரிப்புக் கதை. நோன்பு நாட்களில் தறாவீஹ் முடிந்து கஞ்சிக் கோப்பைகளோடு எல்லோரும் உட்காரும்போது யாராவது கேட்பார்கள். மாமியே சொல்வார். "தலகணிக்குப் பால் குடுக்கப் போனவ நான்" என்று தொடங்கும்போதே பிள்ளைகள் உருளத் தொடங்கிவிடும். அன்றிரவு ஊருக்குள் யாரும் வரவில்லை. வேலியை முறித்துக்கொண்டு நாலைந்து மாடுகள் ஓடியிருக்கின்றன. அந்தச் சத்தத்துக்குத்தான் அத்தனை சனமும் ஓடியது.

இந்தக் கதையை மருதமுனையில் வேறொருவருடைய கதையாகக் கேட்டேன். நிந்தவூரில் இன்னொருவருடையதாகக் கேட்டேன். ஒரு கதைதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓகஸ்ட் புழுக்கம், விளக்கில்லாத வீடு, பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் தலையணை. பல வீடுகளில் நடந்திருக்கக்கூடிய காரியம்தான்.

மாமி சொல்லும் கதை தலையணையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள்தான் சொல்வார்கள். தலையணையை அங்கேயே போட்டுவிட்டு, ஊர் முழுவதும் பள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்த தெருவில், எதிர்த்திசையில், தனியாக அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பிள்ளை விழிக்காமல் கிடந்தது. ஒருமுறை கல்யாண வீடொன்றில் அந்தப் பிள்ளையே, இப்போது அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், "என்ன உட்டுட்டுப் போய்ட்டீங்களேம்மா" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். மாமி சிரிக்கவில்லை. "தேடி வந்தேனே புள்ள" என்றார். சுற்றியிருந்தவர்கள் சற்று நேரம் பேசவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பகிடிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். "ஓடும்போது பிள்ளையை விட்டுவிட்டேன்" என்று ஒரு தாயால் நேரே சொல்ல முடியாது. எந்த ஆணைக்குழுவின் முன்னாலும், எந்த நினைவேந்தல் மேடையிலும் சொல்ல மாட்டார். தன்னைத்தானே கேலி செய்தால் மட்டும் சொல்ல முடிகிறது. முப்பது வருடங்களாக ஒவ்வொரு நோன்புக்கும் மாமி அதைத்தான் எங்களிடம் சொல்லி வந்திருக்கிறார். நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

இந்தக் கரையோரத்தை அறியாதவர்களுக்கு நிலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கே மருதமுனை, முஸ்லிம் ஊர். அடுத்து பாண்டிருப்பு, தமிழ் ஊர். கல்முனை இருவருக்குமானது. பிறகு கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று முஸ்லிம்கள். அதை ஒட்டியே காரைதீவு, தமிழர்கள். பிறகு நிந்தவூர், மறுபடியும் முஸ்லிம்கள். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி, நடுவில் ஒரே பிரதான வீதி. ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் கோயிலும் பள்ளிவாசலும் இல்லாவிட்டால் வெளியூரான் கண்டுபிடிக்க மாட்டான். பேசுவது எல்லோரும் தமிழ்தான். சாய்ந்தமருதில் சமைக்கும் மீன் காரைதீவுக்காரரின் வலையில் விழுந்ததாக இருக்கும்.

காரைதீவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தார். இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது ஒருநாள் மாமியின் தலையணைக் கதையைச் சொன்னேன். அவர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் தன் அம்மாவின் கதையைச் சொன்னார். 1985 ஏப்ரலில் அவர்களும் ஓடியிருக்கிறார்கள். அம்மா கதவைப் பூட்டிவிட்டு வந்து, பாதி வழியில் சந்தேகம் பிடித்து, திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்த்தாராம். மறுபடியும் ஒரு தரம் போகப் பார்த்தவரை அப்பாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. சாம்பலுக்குள் பூட்டு மட்டும், பூட்டியபடியே கிடந்திருக்கிறது. "வீடு போனாலும் என்ர பூட்டு நல்ல பூட்டு" என்று அவர் அம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பாராம். திறப்பையும் கடைசிவரை வைத்திருந்தாராம்.

நானும் சிரித்தேன். பிறகு, விடை தெரிந்தே, யாருக்குப் பயந்து ஓடினார்கள் என்று கேட்டேன்.

"உங்கட ஆக்களுக்குத்தான் சேர்" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

காரைதீவில் 1985இல் வீடுகள் எரிந்தது எனக்குத் தெரியாத விஷயமல்ல. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களுக்குப் பின்னால் அரசின் ஆயுதம் நின்றதும் தெரியும். எங்கள் ஊரில் அந்த வரலாறு சொல்லப்படும்போது இந்த இரண்டாவது வாக்கியம் முதலாவதாக வந்துவிடும். "எங்களைத் தூண்டிவிட்டார்கள்" என்று தொடங்கினால், போனவர்கள் யார், எந்தத் தெருவால் போனார்கள், அடுத்த நாள் யார் வீட்டில் யாருடைய தையல் மெஷின் இருந்தது என்பதெல்லாம் சொல்லத் தேவையில்லாமல் போகும். ஒரு தாய் பூட்டை இழுத்துப் பார்த்த கதை வந்து விழுந்த பிறகு அப்படித் தொடங்க முடியாது.

எங்கள் நாட்காட்டியில் இரண்டு சமூகங்களுக்கும் தனித்தனியே கறுப்பு நாட்கள் இருக்கின்றன. 1990 ஓகஸ்ட் 3 இஷாத் தொழுகையின்போது காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். குண்டு துளைத்த சுவர் இன்னும் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது நாள் கழித்து, ஓகஸ்ட் 12இல், ஏறாவூரில் குழந்தைகள், பெண்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்ட் 12இல்தான் சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையினர் மீது விரல் நீள்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் ஓகஸ்ட் 12 என்ன நாள் என்று கேட்டால் ஏறாவூர் என்பார்கள். வீரமுனையில் கேட்டால் வீரமுனை என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற பிள்ளையை நான் படிப்பித்த வகுப்புகளில் கண்டதில்லை. அதில் ஆசிரியனான எனக்கும் பங்குண்டு.

இப்படிப்பட்ட நாட்களை முன்வைத்துக்கொண்டு பகிடியைப் பற்றிப் பேசுவது சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காத்தான்குடிச் சுவரின் முன்னால் நின்று எவரும் சிரிக்க முடியாது, சிரிக்கவும் கூடாது. ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், சாகாமல் தப்பி, பயந்து, வதந்தியை நம்பி, வீறாப்புப் பேசி, ஒளிந்து வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களின் யுத்தம் ஒன்று இருக்கிறது. அதை நினைவுச் சின்னங்கள் சொல்வதில்லை. நினைவேந்தலில் நாங்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே. பகிடியில்தான் நாங்கள் பேயர்களாகவும் கோழைகளாகவும், சில நேரம் அதைவிட மோசமாகவும் வருகிறோம்.

திருக்குர்ஆனில் ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராவது வசனம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. பரிகசிக்கப்படுகிறவர்கள் பரிகசிக்கிறவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்று காரணமும் சொல்கிறது. சின்ன வயதில் மத்ரஸாவில் இதை ஓதியபோது பட்டப்பெயர் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. இப்போது படிக்கும்போது அந்த வசனம் இந்தக் கரையோரத்தின் சரித்திரத்தைப் பேசுவது போல இருக்கிறது. யுத்தம் துவக்கோடு வருவதற்கு முன்னால் கேலியோடு வந்தது. அவர்களின் பேச்சை நாங்கள் பழித்துக் காட்டினோம், எங்கள் சாப்பாட்டை அவர்கள் பழித்தார்கள். பஸ்ஸில் சொல்லிச் சிரித்த வார்த்தைகள்தான் பிறகு சுவர்களில் எழுதப்பட்டன. அந்த வசனம் தடுப்பது அந்தச் சிரிப்பை. தன்னையே பார்த்துச் சிரிக்கிறவனை அது தடுக்கவில்லை என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

வேறு மாதிரிச் சிரிப்பும் இந்த நாட்டில் இருந்தது. எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' வந்தது நினைவிருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வாப்பா அதற்காகக் கடையை நேரத்தோடு பூட்டியவர். அதில் மரிக்கார் என்ற முஸ்லிமாக எஸ். ராமதாஸ் பேசினார். முஸ்லிமான பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகப் பேசினார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் சிங்களவர் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படிப் பேசும் உபாலி. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. ராமதாஸ் சாகும்வரை மரிக்கார் ராமதாஸ்தான். ஒருவர் மற்றவரின் நாக்கைக் கடன் வாங்கிப் பேசினார்கள், நாலு பேரும் சமமாகவே அசடு வழிந்தார்கள், கேட்ட நாலு சமூகமும் தங்கள் ஆளைக் கண்டு சிரித்தது. அந்தக் கலைஞர்களின் நேசம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஏழு வருடத்துக்குள் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது. அதன் பிறகு பேச்சுவழக்கு என்பது சோதனைச் சாவடியில் ஆளை இனங்காணும் அடையாளமாகிவிட்டது. அதற்குப் பிறகு அப்படியொரு நிகழ்ச்சியை யாரும் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்குச் 'சிரித்திரன்' சஞ்சிகை இருந்தது. சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித் தம்பரைப் பார்த்து யாழ்ப்பாணத்தான் தன்னையே கண்டு சிரித்தான். யுத்தம் முடிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, 2001இல், ஷோபாசக்தி 'கொரில்லா' எழுதினார். இயக்கத்துக்குப் போன பொடியனின் கதை, பிரான்சில் அகதி அந்தஸ்துக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் இலக்கமிட்ட பந்திகளாகத் தொடங்குகிறது. தன் இயக்கத்தையும் தன் வீட்டையும் தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதற்காக வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஆனால் ஈழப் போராட்டத்தின் உள்ளே நடந்ததை எந்த அறிக்கையைவிடவும் அந்த நாவல்தான் எனக்கு விளங்கவைத்தது.

எங்கள் கரையோரத்திலும் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடிக்காரர். யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவர் எழுதிய 'புத்தரின் படுகொலை' அரசைப் பார்த்து எழுதிய கசப்பான அங்கதம். பாண்டிருப்பைச் சேர்ந்த உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' கொலை நடந்த ஊருக்கு அரசன் வருவதைப் பற்றியது. அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை உள்நோக்கித் திருப்புவதை மட்டும் திண்ணைக்கும் குசினிக்கும் விட்டுவிட்டோம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் இந்த மண்ணின் நாட்டார் வழக்காறுகளை வாழ்நாள் முழுக்கத் தொகுத்தார். சாய்ந்தமருதில் வாழும் கவிஞர் அனார் கிழக்கின் நாட்டார் காதல் பாடல்களை 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்று தொகுத்தார். மச்சியும் மச்சானும் ஒருவரையொருவர் நளினம் பண்ணும் கவிகள் அப்படித்தான் தப்பிப் பிழைத்தன. யுத்தகாலத்துப் பகிடிகளுக்கு இன்னும் அப்படி ஒருவர் வரவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதுவே யுத்தத்தில் பிறந்ததுதான். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களுக்காக 1995இல் தொடங்கப்பட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கைப்பேசியோடு தங்கள் மூத்தம்மாமாரிடம் போய் உட்கார்ந்தால் போதும். பிறகு அதே கைப்பேசியோடு காரைதீவுக்கும் பாண்டிருப்புக்கும் வீரமுனைக்கும் போக வேண்டும். அந்த இரண்டாவது பயணம் நடக்காவிட்டால் முதலாவதில் பிரயோசனம் குறைவு. மாமியின் தலையணையை மட்டும் வைத்திருந்தால் அது எங்கள் குடும்பத்துப் பகிடி. பக்கத்தில் அந்தப் பூட்டையும் வைத்தால்தான் சரித்திரம் தொடங்குகிறது.

கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. எல்லாப் பகிடியும் உண்மையைத் திறந்து காட்டுவதில்லை. ஊர்காவல் படையில் இருந்த ஒருவர் தன் முதல் இரவைப் பற்றிச் சொல்வார். தேங்காய் விழுந்த சத்தத்துக்குப் பயந்து தென்னைமரத்தைச் சுட்டாராம். விடிந்து பார்த்தால் மரத்தில் மூன்று ஓட்டை. நன்றாகச் சொல்வார், நன்றாகச் சிரிப்போம். பல முறை கேட்ட பிறகுதான் உறைத்தது, அவர் எப்போதும் முதல் இரவைப் பற்றித்தான் சொல்கிறார். பிறகு வந்த இரவுகள் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவர் எதுவும் செய்யாதவராகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தென்னைமரம் ஒரு வேலி போல நிற்கிறது, அதற்கப்பால் கேள்வி போக முடியாது. மாமியின் பகிடி ஒரு குற்றவுணர்வைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. இவருடைய பகிடி எதையோ பின்னால் மறைத்து வைத்திருக்கிறது. கேட்கிறவர்கள் இரண்டையும் பிரித்தறியப் பழக வேண்டும். அது லேசான காரியமில்லை, அவரும் எனக்கு உறவுதான்.

சரயேவோ நகரத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் நினைவு வரும். அதுவும் முஸ்லிம்கள் மற்றவர்களோடு மதிலுக்கு மதில் ஒட்டி வாழ்ந்த ஊர். 1992இலிருந்து கிட்டத்தட்ட நாலு வருடம் முற்றுகைக்குள் கிடந்தது. முற்றுகைக்கு முன்பே அங்கே தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் குழு, நகரத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரித்துவிட்டதாக நடித்துக் காட்டியது. சனம் சிரித்தது. பிறகு அது ஏறக்குறைய அப்படியே நடந்தது. முஜோ, சுல்யோ என்ற இரண்டு பொஸ்னிய அசடர்களைப் பற்றிய துணுக்குகளை முற்றுகையின்போதும் சொல்லிக்கொண்டார்கள். தாங்களே முஜோ, தாங்களே சுல்யோ. யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, 2007இல், நிவாரணமாக வந்த மாட்டிறைச்சி டின் ஒன்றை பல மடங்கு பெரிதாக்கி, சர்வதேச சமூகத்துக்கு நன்றியோடு என்று எழுதிச் சிலையாக நிறுத்தினார்கள். வாயில் வைக்க முடியாத அந்த டின்னைத் தின்று உயிர் வாழ்ந்ததை அவர்கள் மறைக்கவில்லை. அதே நாட்டில் படுகொலை நடந்த ஸ்ரெப்ரெனிட்சாவும் இருக்கிறது. அங்கே வெள்ளைக் கல்லறைத் தூண்கள் மட்டும்தான் நிற்கின்றன. எங்கே டின்னை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்கும் தெரியும். சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, வெடி கொளுத்திய சூடு ஆறுமுன் அது நிறுத்தப்பட்டதைப் பற்றி ஊரில் எத்தனையோ பகிடி இருக்கிறது. யாரும் சாகாத தோல்வியைப் பார்த்து எங்களால் தாராளமாகச் சிரிக்க முடியும். 2004 டிசம்பர் 26 கடல் வந்ததைப் பற்றி அப்படியில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதிலும் சில கதைகள் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியிருக்கின்றன. அலை வந்த அன்று காலையில் கட்டிய புதுச் சாரனைப் பற்றி, மரத்தில் ஏறிய தொந்திக்காரரைப் பற்றி, உயிரோடு இருக்கிறவர்கள் தங்களைப் பற்றி.

2019 ஏப்ரல் 26 பற்றி ஒரு பகிடியும் இல்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுத்திருந்த வீடொன்றில் அந்தக் குண்டுகளை வைத்த கூட்டத்தின் குடும்பங்கள் இருந்தன. புதிதாக வந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னது ஊர்ச் சனம்தான். படையினர் வந்தார்கள், சுட்டார்கள், உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். பதினைந்து பேர் செத்தார்கள், அதில் ஆறு பேர் பிள்ளைகள். அந்தக் கொலைகாரர்களின் மையித்துகளை முஸ்லிம்களின் மையவாடிகள் ஏற்கவில்லை. நாட்டின் செய்திகளில் எங்கள் ஊரின் பெயர் அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வாறானுவளாம் என்று வருடக்கணக்காகப் பயந்து ஓடிய ஊரில், அன்று வந்திருந்தவர்கள் எங்கள் பெயர்களை வைத்திருந்தார்கள்.

அன்றிரவும் வெடிச் சத்தம் கேட்டுச் சனம் வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. மாமியும் ஓடினார். கையில் மகளின் கடைசிப் பிள்ளை, சீலையால் மூடியிருந்தது. அவரோடு ஓடியவர்கள் எனக்குச் சொன்னார்கள்: போய்ச் சேரும்வரை அவர் பொறுக்கவில்லை. வழியில் மூன்று தரம் நின்று, தெருவிளக்கு வெளிச்சத்தில் துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாராம்.

இதை அவர் இன்னும் எங்களுக்குச் சொல்லவில்லை.